மாப்பிள்ளை வண்டியின் நிறம் குறித்து

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அத்தையும் சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவளுடைய முழங்கால் வலி, மற்றபடி குறை ஒன்றுமில்லை. அங்கு தாங்களும் என் மகளும் குளிருக்கு அடக்கமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் எங்களிடம் விட்டுப்போன காரும் நலம். பரிசோதனையில் தேறிவிட்டது, பதிவும் புதுப்பித்தாகிவிட்டது, இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒருவரும் அதன்மேல் கை வைக்க முடியாது. இந்த நல்ல செய்தியோடு கடிதத்தை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் தங்கள் அத்தை சொன்னாள். ஆனால் தாங்கள் விடுமுறைக்கு வந்து, கொட்டகைக் கதவைத் திறந்து, "என் வண்டி எங்க மாமா?" என்று கேட்கிற காட்சி எனக்கு அடிக்கடி மனக்கண்ணில் வருகிறது. வண்டிக்கு முன்னாலேயே நின்றுகொண்டு அப்படிக் கேட்பீர்கள் என்பதுதான் அதில் உள்ள சங்கடம். ஆகையால் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று தாங்கள் நினைக்கலாம். நாம் இருவரும் போனில் பேசுகிற அழகு தங்களுக்கே தெரியும். நான் "சொல்லுங்க மாப்பிள்ளை" என்பேன், தாங்கள் "நீங்க சொல்லுங்க மாமா" என்பீர்கள், பிறகு ஆளுக்கொரு பக்கம் போனை மனைவியிடம் கொடுத்துவிடுவோம். ஆறு வருடமாக ஒருவரை ஒருவர் சொல்லச் சொல்லியிருக்கிறோமே தவிர யாரும் ஒன்றும் சொன்னதில்லை. செல்போனில் எழுதி அனுப்பினால் என் மகள் கண்ணில் பட்டுவிடும். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த வண்டியில்தான். அதனால்தான் தங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு, நேரம் பார்த்து, பக்குவமாகத் தாங்களே அவளிடம் எடுத்துச் சொல்லவும். சொல்லும்போது அவள் கையில் கனமான பொருள் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளவும். அவள் என் மகள்தான், ஆனால் கோபம் மட்டும் தாய்வழி.

தங்களை நான் குறை சொல்லவில்லை, ஆனாலும் ஆரம்பம் தங்களிடமிருந்துதான். கல்யாணத்தின்போது ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்றேன், மணி பார்க்கப் போன் இருக்கே மாமா என்றீர்கள். கோட்டு தைக்கலாம் என்றேன், ஒருநாள் போடுவதற்கு எதற்கு என்றீர்கள். வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடத் தாங்களே எடுத்துக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவியும் வைத்துவிடுகிறீர்கள். மாப்பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆறு வருடமாகக் கை பரபரத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று தங்களுக்கு ஒரு பெண் பிறந்து, அவளுக்கும் தங்களைப் போலவே ஒரு மாப்பிள்ளை வாய்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட தாங்கள் போன மாதம் முதல் தேதி, வழக்கமான "சொல்லுங்க மாமா"வுக்குப் பிறகு போனை என் மகளிடம் கொடுக்காமல், "மாமா, வண்டியோட பதிவு இந்த மாசக் கடைசியில முடியுது. ஒரு தடவ கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்கணும். சிரமம் இல்லன்னா கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டார் என்று தங்கள் அத்தையிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன். பால்காரரிடமும் சொன்னதாக அவள் சொல்கிறாள், அது எனக்கு நினைவில்லை. பதினைந்து வருடம் ஆன வண்டி, தேதிக்குள் புதுப்பிக்காவிட்டால் எண்ணை ரத்து செய்துவிட்டு நேராகப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார்களாம். தலையே போனாலும் அந்த வண்டியை அங்கே விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தலை போகவில்லை. போனது வேறு.

தாங்கள் தூதரக முத்திரை குத்தி அனுப்பிய அதிகாரக் கடிதம் தபாலில் வந்து சேர இருபத்து மூன்று நாள் ஆனது. அதற்குள் வண்டியைத் தயார் செய்துவிடலாம் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எந்த வேலையைச் சொன்னாலும் "நாளைக்கு" என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. நாளைக்கு நேற்று வந்துவிட்டுப் போனார் என்று சொன்னால்கூட இங்கே ஒருவருக்கும் குழப்பம் வராது. அவர் பேட்டரியை மாற்றினார், பிரேக்கைச் சரி செய்தார், புகையைக் குறைத்தார். எல்லாம் முடித்துக் கையைத் துடைக்கும்போது பார்த்தால், ஹாரன் பொத்தானை அழுத்தினால் சத்தமே வரவில்லை, இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடிக்கிறது. இது எப்போது சரியாகும் என்று கேட்டேன். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று தங்களுக்கு எழுத வேண்டியதில்லை. மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது, ஆகவே அப்படியே கிளம்பிவிட்டோம். எனக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஓட்டத் தெரியும் என்று அதில் போட்டிருக்கிறது, நானும் அதை நம்பித்தான் ஓட்டுகிறேன். தங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே வருகிற வண்டிகளுக்கெல்லாம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தாள். இடது பக்கம் திரும்பினால் ஊர் கூடிவிடும் என்பதால் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனதில், அரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரம் ஆனது. ஒரே தட்டுமுட்டுச் சாமான் கடையை மூன்று தடவை கடந்தோம். மூன்றாம் தடவை கடைக்காரர் கை காட்டினார், இவளும் பதிலுக்குக் கை காட்டினாள்.

வாகனப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் ஒரு பெண் இருந்தார். என் மகளைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார், கண்ணாடி போட்டிருந்தார், நல்ல மாதிரி. ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும், நேராகத்தான் தெரியாது. இருந்தாலும் விண்ணப்பம் நிரப்புவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. பேர், விலாசம், என்ஜின் எண் எல்லாவற்றையும் முத்துமுத்தாக எழுதினேன். 'வாகனத்தின் நிறம்' என்ற இடத்தில் 'ஊதா' என்று எழுதினேன். மாப்பிள்ளை, நான் நாற்பது வருடம் பள்ளிக்கூடத்து ஸ்டோரில் வேலை பார்த்தவன். வாத்தியார்கள் வந்து "ஒரு ஊதா மை குடுங்க" என்று கேட்பார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். அந்த மையால் எழுதினால் வானம் மாதிரி நீலமாக எழுதும். ஊதா என்றால் நீலம், நீலம் என்றால் ஊதா, இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தப் பெண் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"சார், பழைய பதிவுல நீலம்னு இருக்கு. நீங்க ஊதான்னு எழுதியிருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு சார் ரெண்டு பேரு?"

நாற்பது வருடத்தில் ஒரு வாத்தியார்கூட என்னிடம் கேட்காத கேள்வி. எனக்குப் பின்னால் நின்ற லாரி டிரைவர், ஊதா என்றால் கத்தரிக்காய் நிறம், இதுகூடத் தெரியாதா பெரியவரே என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பள்ளி வேன் டிரைவர், கத்தரிக்காயில் பச்சை உண்டு, வெள்ளை உண்டு, எதைச் சொல்கிறீர் என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டில் ஊதா என்றால் நீலம்தான் என்று என் கட்சியில் சேர்ந்தார். அவ்வளவுதான், வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரும்பாலும் என் பக்கம், இளசுகள் எல்லாம் லாரி டிரைவர் பக்கம். காவலாளி நீலச் சீருடையில் நின்றிருந்தார், அவரைப் பிடித்து இழுத்துவந்து இது என்ன நிறம் என்று கேட்டார்கள். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டு, "நேவி புளூன்னு கம்பெனியில சொன்னாங்க, எனக்கு வேற எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். ஒரு சாட்சியும் உருப்படியாகக் கிடைக்கவில்லை.

சரி, தப்பு என்னுடையது, அடித்துவிட்டு நீலம் என்று போட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அங்கேதான் முடிச்சு விழுந்தது. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதைத் திருத்த வேண்டுமானால் வண்டியின் உரிமையாளர் நேரில் வர வேண்டுமாம். தங்கள் அதிகாரக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "பரிசோதனைக்குக் கொண்டுவரலாம், புதுப்பிக்கலாம்னு போட்டிருக்காரு. திருத்தலாம்னு போடலையே சார்" என்றார். மாமனார் தப்பாக எழுதுவார் என்று தாங்கள் முன்கூட்டியே யோசிக்காதது தங்கள் பெருந்தன்மை. புதுக் கடிதம் வர இன்னும் இருபத்து மூன்று நாள் ஆகும், எனக்கு இருந்ததோ ஐந்து நாள். வேறு வழியே இல்லையா அம்மா என்று கெஞ்சினேன். இருக்கிறது, வண்டி நிஜமாகவே ஊதாவாக இருந்தால் அதற்குப் பேர் நிறமாற்றம், அதைப் பரிசோதனை செய்கிற ஆய்வாளரே பார்த்துக் குறித்துவிடலாம், உரிமையாளர் வேண்டியதில்லை என்றார். அதாவது மாப்பிள்ளை, வண்டியின் நிறத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இருக்கிறது, என் கையெழுத்தில் உள்ள ஒரு சொல்லை மாற்ற அதிகாரம் இல்லை.

வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்தேன். தங்கள் அத்தை விஷயத்தைக் கேட்டாள், சொன்னேன். கண்ணாடி வழியாக வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தாள மாத்த முடியாதுன்னா வண்டிய மாத்துங்க" என்றாள். நான் திடுக்கிட்டுப்போய், இது மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய நிறமாயிற்றே என்றேன். "ஆசப்பட்ட கலர்ல பழைய இரும்புக் கடையில கிடந்தா பரவாயில்லையா? அவரு வாயத் தெறந்து கேட்டது இது ஒண்ணுதான். அதையும் செய்யாம விட்டீங்கன்னா அடுத்து எப்ப கேப்பாரு?" என்றாள். அந்தக் கேள்வி என்னைச் சாய்த்துவிட்டது. தாங்கள் இனி ஒருநாளும் எதுவும் கேட்காமல் டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டே இருப்பீர்களே என்று நினைத்தபோது, நிறம் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் எது ஊதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் தெரியும் என்று நினைத்தது தப்பு என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. திரும்ப உள்ளே போய் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். பெயின்ட் அடித்துக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம், முன்கூட்டியே சொல்ல விதியில்லை என்றார். அவர் மேஜையில் ஒரு கைப்பை இருந்தது, லாரி டிரைவர் சொன்ன கத்தரிக்காய் மாதிரியே. "இந்தப் பை ஊதாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "இது வைலட் சார்" என்றார். கூடவே பக்கத்துக் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்து, இது வைலட் இல்லை, லேவண்டர் என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் வைலட் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். அவர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நான் நழுவி வந்துவிட்டேன்.

கார்களுக்கு அடிக்கிற பெயின்டர் ஒரு வாரம் ஆகும் என்றார். ஆகையால் எங்கள் பேட்டையில் இரும்பு பீரோக்களுக்கு அடிக்கிறவரைப் பிடித்தேன். அவர் நல்ல தொழில்காரர். வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே எத்தனை தட்டு என்று பழக்க தோஷத்தில் கேட்டார். நிற அட்டையை விரித்தார், அதில் ஊதா என்று பேர் போட்ட கட்டம் ஒன்று இருந்தது. அச்சில் இருக்கிறது, இதற்கு மேல் எவனும் கேட்க முடியாது என்று அதில் விரலை வைத்துவிட்டேன். அட்டையில் அது நகம் அளவுக்குத்தான் இருந்தது, பார்க்கக் கண்ணியமாக இருந்தது. அதே நிறம் ஒரு முழு வண்டி அளவுக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். கொட்டகைக் கதவைத் திறந்ததும் தங்கள் அத்தை முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, "நல்லா எடுப்பா இருக்கு" என்றார். அவர் ஒரு துணியைப் பற்றி அப்படிச் சொன்னால் அது மூன்று வருடமாக விற்கவில்லை என்று அர்த்தம். பானெட்டின் மேல் ஒரு ஈ ஒட்டிக் காய்ந்திருக்கிறது. அதை எடுத்தால் பெயின்டும் சேர்ந்து வருகிறது, ஆகவே விட்டுவைத்திருக்கிறேன். பீரோவுக்கு உள்பக்கம் அடிப்பதில்லை என்ற வழக்கப்படி கதவுகளின் உள்பக்கமும் டிக்கியின் உள்பக்கமும் பழைய நிறத்திலேயே இருக்கின்றன. தங்களுக்கு மனம் கேட்காவிட்டால் நான்கு கதவையும் திறந்துவைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்தின் கடைசி நாள் ஆய்வாளர் முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஒல்லியான மனிதர், சிரிக்கிற பழக்கம் இல்லாதவர். தாளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். வண்டியில் பொறித்திருக்கிற எண்ணின் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார். பிறகு "ஹாரன்" என்றார். கையை மெல்ல நகர்த்தி இடது இண்டிகேட்டரைத் தட்டினேன், ஹாரன் கணீரென்று அடித்தது. "இடது இண்டிகேட்டர்" என்றார். மறுபடி அதையே தட்டினேன், விளக்கும் மின்னியது, ஹாரனும் அடித்தது. அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "ஹாரன் முடிஞ்சிது. ஏன் திரும்பவும் அடிக்கிறீங்க?" என்றார். திரும்பும்போது சத்தம் கொடுப்பது என் வழக்கம் ஐயா என்றேன். அது பொய் இல்லை மாப்பிள்ளை, இப்போதைக்கு அதுதான் வழக்கம். எல்லாரும் இந்த மாதிரி ஜாக்கிரதையாக இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

இனித் தப்பித்தோம் என்று நினைத்தபோது பின்கதவைத் திறந்தார். உள்ளே பளிச்சென்று நீலம். அவர் பேனா நின்றுவிட்டது. அப்பால் நின்ற தங்கள் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். பழைய இரும்புக் கடையில் தங்கள் வண்டியைப் பிரித்துக் குவிப்பதுபோல எனக்கு ஒரு தோற்றம் வந்தது.

"உள்ள வேற கலரா இருக்கே?"

"ஐயா, நம்ம சட்டை ஒரு கலரு, பனியன் ஒரு கலரு இல்லீங்களா."

அவர் தன்னுடைய சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படிவத்தில் வெளிப்புற நிறம் என்றுதான் கேட்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நிறமாற்றம், ஊதா, சரி பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். பயத்தில் கதவை இறுக்கிப் பிடித்திருந்ததில் என் கைக்கு வந்திருந்த பெயின்ட் அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நான் வேண்டுமென்றே எல்லாத் திருப்பத்திலும் இடது பக்கமாகத் திரும்பினேன்.

ஆக மாப்பிள்ளை, தாங்கள் கேட்ட காரியம் முடிந்தது. நீலமாக விட்டுப் போன வண்டியை ஊதாவாகத் திருப்பித் தருகிறேன். கோபம் வந்தால் என்மேல் காட்டவும், தங்கள் அத்தைக்கு இதில் சம்பந்தமில்லை, யோசனை மட்டும்தான் அவளுடையது. இதனால் மனம் வெறுத்துப்போய் இனிமேல் மாமாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று மட்டும் முடிவெடுத்துவிட வேண்டாம். வேறு எதுவாக இருந்தாலும் கேளுங்கள். எழுத வேண்டிய வேலையாக இல்லாமல் இருந்தால் நல்லது.

தாங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொண்டு, நீண்ட காலம் நிறைவாக வாழ நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். என் மகளுக்கு எங்கள் அன்பு. இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்ட வேண்டாம்.

இப்படிக்குத்
தங்கள் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுத் தபால்தலை வாங்கக் கிளம்பும்போது புதிய பதிவு அட்டை தபாலில் வந்துவிட்டது. பேர் சரி, எண் சரி, ஐந்து வருடமும் சரி. நிறம் என்ற இடத்தில் 'நீலம்' என்று அச்சாகியிருக்கிறது. பதறிப்போய் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்றாம் கவுண்டர்ப் பெண் விடுப்பாம். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பவர் என் வயதுக்காரர், அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம். "ஆய்வாளர் ஊதான்னு எழுதியிருந்தாரு. ஊதான்னா நீலம்தானே சார், எதுக்கு ரெண்டு பேருன்னு அட்டைக்கு ஏத்தும்போது நான்தான் நீலம்னு போட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். திருத்த முடியுமா என்று கேட்டேன், உரிமையாளர் நேரில் வர வேண்டுமாம். ஆகவே மேலே நான் எழுதியதையெல்லாம் தள்ளிவிடவும். வண்டி இப்போது சட்டப்படி மறுபடியும் நீலம், அதை நீலமாக்க வேண்டியதுதான் பாக்கி. பீரோ பெயின்டரைக் கூப்பிட்டேன். "நீலம்தானே, அடிச்சிரலாம் சார். எந்த நீலம்?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். தங்களுக்கு என்ன நீலம் வேண்டுமோ அந்த நிறத்தில் ஒரு துண்டுத் துணி வெட்டி அடுத்த தபாலில் அனுப்பவும். தயவுசெய்து வார்த்தையில் மட்டும் எழுத வேண்டாம்.